காலமானவளின் நாற்காலி

"தினமும் முக்கால் மணி நேரம் நடக்கணும்மா. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?" என்று சொல்லி என் மகன் தினமும் பத்து மணிக்கு என்னை வெளியே அனுப்புவான். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு இறங்குவேன். பூங்கா இடது பக்கம். நான் வலது பக்கம் திரும்பி, இரண்டு தெரு தாண்டி, பழைய சாமான் கடைக்குள் புகுந்துவிடுவேன். பூங்காவில் வட்டம் வட்டமாகச் சுற்றிக் கிளம்பின இடத்துக்கே வந்து நிற்க நான் என்ன செக்குமாடா?

அவன் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. என் வீட்டுக் குளியலறையில் ஒரு நாள் வழுக்கி விழுந்தேன். எலும்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முட்டிதான் வீங்கிப்போனது. அதைச் சாக்காக வைத்து என்னைக் கூட்டி வந்துவிட்டான். "நீ இங்க இருக்கறப்பவே உன் வீட்டுக்கு வெள்ளையடிச்சிடறேன். சாமானெல்லாம் பிரெண்டோட குடோன்ல பத்திரமா இருக்கும்" என்றான். மகன் சொன்னால் நம்ப மாட்டோமா? நம்பினேன்.

பழைய சாமான் கடை என்றால் இரும்புக்கும் பேப்பருக்கும் எடை போடுகிற கடை இல்லை. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறும். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒன்று காட்டும் நேரத்தை இன்னொன்று காட்டாது. விரல் விட்டுச் சுழற்றுகிற டெலிபோன்கள், குமிழ் திருகுகிற ரேடியோக்கள், கால் ஆடாத மேஜைகள், கால் ஆடுகிற மேஜைகள், பீங்கான் நாய் ஒன்று, அதற்கு ஒரு காது இல்லை. தீப்பெட்டிப் படங்கள் ஒட்டிய ஆல்பம் ஒன்றைப் புரட்ட ஆரம்பித்தேன் என்றால் வயது ஐம்பது குறைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நான் சேர்த்து வைத்திருந்த யானைப் படம்கூட அதில் இருந்தது. அன்றைக்கு அதைத் திருடிக்கொண்டு போனவளை இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

கடைக்காரரைத் தெருவே கதைக்காரர் என்றுதான் கூப்பிடும். காரணம், அங்கே எந்தப் பொருளிலும் விலை எழுதியிருக்காது. கதைதான் எழுதியிருக்கும். யார் வைத்திருந்த பொருள், எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கொண்டு வந்தவரிடம் விசாரித்து, அழகான கையெழுத்தில் ஒரு அட்டையில் எழுதி, நூல் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். "இந்த ரேடியோவில் செய்தி கேட்டபடியே ஒருவர் பத்து வருடம் மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பித்தார்" என்று ஒன்று. அதைப் படித்து நான் வாய்விட்டுச் சிரித்ததில்தான் எங்களுக்குள் பழக்கமானது. விலை கேட்டால் காதில் சொல்வார். நான் கேட்டதே இல்லை. அட்டை படிக்க வருகிறவளைப் பார்த்து அவரும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

"வாங்கக்கா. நேத்து ஒரு வீட்டுச் சாமான் மொத்தமா வந்திருக்கு. பின்கட்டுல இருக்கு, புது அட்டை எல்லாம் போட்டாச்சு. போய்ப் படிங்க" என்றார் அன்றைக்கு.

ஆசையாகப் போனேன். நடுவில், பல்புக்கு நேர் கீழே, என் நாற்காலி நின்றது.

முதலில் அதே மாதிரி ஒன்று என்றுதான் நினைத்தேன். பெண்களுக்கு முடி திருத்துகிற சுழல் நாற்காலி, மிதித்தால் ஏறுகிற கால் பெடல், மேலே சாய்கிற தலைத்தாங்கி. ஊரில் எத்தனையோ இருக்கும். ஆனால் இடது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்த இடத்தில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. அதைச் சுற்றியவள் நான். பக்கத்தில் என் மூன்று தட்டுக் கண்ணாடி. அதற்குப் பின்னால் என் சாப்பாட்டு மேஜை, என் கட்டில், நான் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பீரோ. முப்பத்தோரு வருஷம் என் வீட்டு முன்னறையில் முடி வெட்டி, அந்த வருமானத்தில் அவனைப் படிக்க வைத்த சாமான் அத்தனையும் அங்கே அட்டை கட்டி நின்றது.

நாற்காலி அட்டையைத் திருப்பினேன். "பெண்கள் முடி திருத்தும் நாற்காலி. முப்பது ஆண்டுகள் ஒரே பெண்மணியின் கைக்குப் பழகியது. அந்த அம்மையார் அண்மையில் காலமானார். நினைவின் பாரம் தாங்காமல் மகன் ஒப்படைத்தார்."

இரண்டு தடவை படித்தேன். காலமானார் என்பது நான்தான். நாளை மறுநாள் காலையில் வீட்டு வரி விஷயமாக ஒரு கையெழுத்துப் போடணும், ஆபீசுக்குப் போகணும் என்று மகன் முந்தின நாள் சொல்லியிருந்தான். வரிக்கு எதற்குடா நான் நேரில் வரணும் என்று கேட்டதற்குப் பட்டும் படாமலும் ஏதோ சொன்னான். இப்போது எல்லாம் விளங்கியது. வெள்ளையும் இல்லை, குடோனும் இல்லை. வீட்டை விற்கிறான். நான் மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து ஒரு இளம் ஜோடி உள்ளே வந்தது. காபிக் கடை திறக்கப் போகிறார்களாம். "இந்த நாற்காலிய வாசல்ல வச்சா எல்லாரும் போட்டோ எடுப்பாங்க" என்றாள் அந்தப் பெண். அவள் கணவன் அட்டையைப் படித்துவிட்டு, "பாவம்" என்றான்.

"பாவமெல்லாம் ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லி நான் ஏறி உட்கார்ந்தேன். பெடல் பழையபடி கிறீச்சிட்டது. "இது விற்பனைக்கு இல்ல."

கதைக்காரர் ஓடி வந்தார். "அக்கா, அவங்க வாங்கறவங்க. கொஞ்சம் எழுந்திருங்களேன்."

"எழுந்திருக்க முடியாது. நான் செத்துப் போயிட்டேன். அட்டையில நீங்கதான் எழுதியிருக்கீங்க."

அந்த மனிதர் என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், கைப்பிடியில் டேப்பைத் தடவிக்கொண்டிருந்த என் விரலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயையோ, அக்கா... ஒரு வீட்டுச் சாமான் மொத்தமா வந்தா, வீட்டுல பெரியவங்க தவறிட்டாங்கன்னுதான் அர்த்தம். இருபது வருஷமா அப்படித்தான் வருது. அந்தத் தம்பிகிட்ட, அம்மா எப்ப தவறினாங்கன்னு கேட்டேன். அவர் தலையைக் குனிஞ்சுகிட்டாரு. துக்கத்துல இருக்காருன்னு நானே எழுதிட்டேன்."

"இல்லைன்னு சொல்லலையா அவன்?"

"சொல்லலக்கா."

அதுதான் தைத்தது. வீட்டை விற்க நினைத்ததைக்கூட அப்புறம் பேசித் தீர்த்திருக்கலாம். அம்மா செத்துட்டாளா என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்கும்போது, இல்லை, உயிரோடுதான் இருக்கிறாள் என்று சொல்ல அவனுக்கு ஒரு வாய் வார்த்தை வரவில்லையே! போனை எடுத்து மகனைக் கூப்பிட்டேன். கடைப் பெயரைச் சொன்னேன். உடனே வா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரை மணியில் வந்துவிட்டான். ஆபீஸ் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நான் நாற்காலியில், அந்த ஜோடி ரேடியோவைப் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துக்கொண்டு, கதைக்காரர் ஒரு தூணுக்குப் பின்னால்.

"அம்மா, வீட்டுக்கு வா. அங்க போய்ப் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுக்குடா?"

"எல்லாரும் பாக்கறாங்கம்மா."

"பாக்கட்டும். செத்தவளப் பாக்க நாலு பேர் வர்றது வழக்கம்தானே."

அவன் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். "அன்னைக்கு நீ குளியலறைல ரெண்டு மணி நேரம் கிடந்திருக்க. எனக்கு போன் வந்தப்ப கையும் ஓடல, காலும் ஓடல. நீ அங்க தனியா விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்? நேராக் கேட்டா நீ ஒத்துக்க மாட்ட."

"ஒத்துக்க மாட்டேன்னு தெரிஞ்சேதான் கேக்கல. இல்லையா?"

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"விழுந்தா விழுந்துட்டுப் போறேன். என் வீட்டுல விழறேன். குளியலறைல ஒரு கைப்பிடி வச்சுக் குடுடான்னு கேட்டிருந்தா அதுக்கு என்ன செலவு? ஒரு கைப்பிடிக்குப் பதிலா என் வீட்டையே பிடுங்கிட்டியேடா!"

"வாங்கறவர்கிட்ட வாக்கு குடுத்துட்டேன்மா. நாளைக்குக் காலைல பத்திர ஆபீஸ்ல காத்திருப்பாரு. நீ கையெழுத்துப் போடணும்."

"செத்தவ எப்படிடா கையெழுத்துப் போடுவா?"

அந்தக் காபிக் கடைப் பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். என் மகன் தரையில், மரத்தூள் கொட்டிக் கிடந்த இடத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டான். சின்ன வயதில் கணக்குப் பரீட்சையில் தோற்றுவிட்டு இதே நாற்காலிக் காலடியில் உட்கார்ந்திருக்கிறான். அன்றைக்குத் தலையைக் கோதிவிட்டேன். இன்றைக்குக் கை அந்தப் பக்கம் போகப் பார்த்தது. போகவிடவில்லை.

கதைக்காரர் தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். "தம்பி, நான் குடுத்த பணத்தத் திருப்பிக் குடுத்துடுங்க. சாமான் இன்னைக்கே போகட்டும். வண்டி என்னோடது, வாடகை வேண்டாம். உயிரோட இருக்கறவங்கள செத்துட்டதா எழுதினது என் கடை சரித்திரத்துலயே இதுதான் முதல் தடவை."

"கடைசியாவும் இருக்கட்டும்" என்றேன்.

மத்தியானம் வண்டி என் வாசலில் நின்றது. சுவரெல்லாம் பழைய நிறத்திலேயே இருந்தது, ஒரு பக்கெட் சுண்ணாம்புகூட உள்ளே போயிருக்கவில்லை. கட்டிலையும் பீரோவையும் ஆட்கள் இறக்கினார்கள். கண்ணாடியை மட்டும் என் மகன் யாரிடமும் கொடுக்காமல் தானே தூக்கி வந்து மாட்டினான். மாட்டிவிட்டு, "கோபமா இருக்கியாம்மா?" என்றான்.

"ஆமா. ஒரு மாசத்துக்கு இருக்கும். அதுக்குள்ள கைப்பிடிய வச்சுக் குடு."

"வாங்கறவருக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?"

"உன் வாக்கு, உன் பாடு."

மறுநாள் காலை எதிர்வீட்டு டீச்சர் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தாள். மூன்று வாரமாக எங்கே போனேன் என்று கேட்டாள். மேலோகம் போய்ப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் திரும்பி வந்தேன் என்றேன். பின்கழுத்தில் பாதி வெட்டியிருப்பேன், வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஒரு கையில் அளவு டேப், இன்னொரு கையில் ஜன்னல் திரைத் துணி மாதிரிகள்.

"வீட்ட விக்கறேன்னு சொன்ன தம்பி பத்திர ஆபீஸுக்கு வரவே இல்ல, போனும் எடுக்கல. சரி, ஜன்னலையாவது அளந்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றவர், முன்னறையைச் சுற்றிப் பார்த்துக் குழம்பினார். "வீடு காலியா இருக்கும்னு சொன்னாங்களே. நீங்க யாரும்மா?"

"வீட்டுக்காரி" என்றேன், கத்தரிக்கோலை நிறுத்தாமல். "முடி வெட்டணும்னா உக்காருங்க. இல்லன்னா வழிய விட்டு நகருங்க, வெளிச்சம் மறைக்குது."