சூடத்துக்கு முன்னால் சோப்பு நுரை

போடிமெட்டுக்கு மேலே தொண்ணூறு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருந்த காசிமாயனுக்கு ஒரே ஒரு குறைதான். தன் மகனுக்காக இவர் மகளைப் பெண் கேட்டு வரப்போகும் திருப்பதியிடம் வெளிநாட்டுக் கார் இருந்தது. தாமும் கார் வாங்கினால் அவரைப் பார்த்துச் செய்ததாகிவிடும். ஆகவே எண்பத்தெட்டாம் வருஷம் தை மாதம், கொச்சியிலிருந்து லாரியில் ஒரு தண்ணி ஸ்கூட்டர் வந்து இறங்கியது. கடலில் ஓட்டுகிற வண்டி, பதினைந்து வருஷப் பழசு. மலையில் கடல் இல்லாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செடிக்கு மருந்தடிக்கத் தண்ணீர் எடுக்கிற குளம் ஒன்று இருந்தது. வெற்றிலை மடித்து வாயில் போடுவதற்குள் அக்கரை வந்துவிடும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சம்பந்தி வந்து இறங்கும்போது தாமே அதில் ஏறி ஒரு சுற்று வருவது என்று முடிவாகியிருந்தது. ஊருக்கெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

ஒரு சின்ன விஷயம். முந்தின நாள் ஊற்றிய ஐந்து லிட்டர் பெட்ரோலில் ஞாயிறு விடிந்தபோது பாதியைக் காணோம். வாடை மட்டும் குளக்கரை முழுக்க இருந்தது.

"வெளிநாட்டு வண்டி மச்சான், அப்பிடித்தான் மணக்கும். புதுச் செருப்பு மணக்கலயா?" என்றான் மைத்துனன் சீனிச்சாமி. மதுரையில் இரண்டு வருஷம் பாலிடெக்னிக்கில் இருந்துவிட்டு, யாரும் கேட்காத ஒரு காரணத்தால் திரும்பி வந்தவன். வீட்டில் எஞ்சினியர் என்றே கூப்பிட்டார்கள்.

காசிமாயனுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. கரையிலேயே பூசைக்கு ஏற்பாடு செய்தார். வண்டிக்குச் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை எதன் அடியில் வைப்பது என்று கால் மணி நேரம் பேசினார்கள். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. சீட்டின் மேலேயே தட்டை வைத்து, சூடத்தைக் குவித்து, அவர் வத்திப்பெட்டியைத் திறந்தார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து பெட்டியை வாங்கிக்கொண்டது.

மாயக்காள். போடியில் மருந்தடிக்கிற மிஷின்களை ரிப்பேர் செய்கிறவள். தோட்டத்து மிஷின்களைப் பார்க்க அன்று காலைதான் ஆள் ஏற்றும் ஜீப்பில் வந்திருந்தாள்.

"சாமி காரியத்துல கை வைக்காத, ஆத்தா," என்றார் காசிமாயன்.

"சாமி எங்கயும் போகாது மொதலாளி. நீங்க போயிருவீக."

தட்டைத் தூக்கித் தூரத்துப் பாறையில் வைத்துவிட்டு வந்து, சீட்டைக் கழற்றினாள். உள்ளே வண்டியின் வயிற்றில் பெட்ரோல் தேங்கி நின்றது. காணாமல் போன பாதி.

"ஜீப்புன்னா ஒழுகுனது ரோட்டோட போயிரும். இது படகு. தண்ணி உள்ள வராம அடைச்சிருக்கான்ல, பெட்ரோலும் வெளிய போகாது. இதுக்கு மேலதான் உக்காந்து ஓட்டப் போனீக."

காசிமாயன் வண்டியிலிருந்து இரண்டடி பின்னால் நகர்ந்தார். சீனிச்சாமி அவருக்கும் பின்னால் போய் நின்றான்.

"வெரசா முடி. சம்பந்தி வர்ற நேரம்," என்றார் காசிமாயன்.

"வெரசா முடிக்கணும்னா எஞ்சினியர் தம்பி இருக்காருல்ல."

பாட்டரி வயரைக் கழற்றினாள். டாங்கியில் மீதி இருந்ததைக் கேனில் இறக்கினாள். தேங்கியதைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்து, துணிகளையும் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டாள். பம்பு அடிக்கும் காற்று தப்பாமல் இருக்க, டாங்கியின் காற்றுக் குழாயை ஒரு தக்கையால் அடைத்தாள். எடுக்க மறந்துவிடக் கூடாது என்று தக்கையில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். கார்பரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, அதில் கைப்பம்பை மாட்டினாள். பிறகு, ஒழுகுகிற இடத்தில் குமிழி கிளம்பட்டும் என்று, பிரஷ்ஷால் சோப்பு நுரையைக் குழாய் நெடுகப் பூசினாள், காயத்துக்கு மருந்து போடுகிற பதத்தில்.

காசிமாயன் தாமே முன்வந்து பம்பை இரண்டு அடி அடித்தார். "தோட்டத்த அதிகாரம் பண்ற மாதிரி அடிக்காதீக, குழா பிஞ்சிரும்," என்று மாயக்காள் வாங்கிக்கொண்டு, மெதுவாக ஒரு அடி கொடுத்தாள். டாங்கிக்கு அடியில், குழாயை இறுக்கும் கிளிப்புக்குள் ஒளிந்திருந்த வெடிப்பில் நுரை பொங்கியது. கொச்சியில் யாரோ சாதாரண பிளாஸ்டிக் குழாயை மாட்டியிருந்தார்கள். பெட்ரோலில் ஊறி அது அப்பளமாகியிருந்தது.

இந்த நேரத்தில் திருப்பதியின் கார் வந்து நின்றது. காசிமாயன் மனப்பாடம் செய்து வைத்திருந்த வரவேற்பை ஆரம்பித்தார். சம்பந்தி அதற்கு நிற்கவில்லை. நேராகப் போய் மாயக்காளுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

மருந்து மிஷினுக்குப் போடும் பெட்ரோல் குழாயை வெட்டி மாட்டினாள்.

"முடிஞ்சுதா?" என்றார் காசிமாயன்.

"ஒண்ணு முடிஞ்சுது."

மறுபடி நுரை, இந்தத் தடவை மூடியைச் சுற்றியும்; மறுபடி ஒரு அடி. குழாயில் குமிழி இல்லை. ஆனால் டாங்கி மூடியின் ஓரத்தில், தூங்குகிற பிள்ளையின் வாயோரத்தில் வருவதுபோல, ஒரே ஒரு குமிழி. வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது.

"இத்தினிக்கூண்டு தானே," என்றான் சீனிச்சாமி.

"நான் பாக்குற மிஷின மனுசன் முதுகுல கட்டிக்கிட்டு நடக்கான், தம்பி. இத்தினிக்கூண்டு ஒழுகுனாலும் வேகுறது அவன் முதுகுதான்."

மூடிக்குப் புது ரப்பர் வாசர் வெட்டிப் போட்டாள். மூன்றாவது தடவை நுரை பூசிய இடத்திலேயே அமைதியாக இருந்து காய்ந்தது. காசிமாயன் குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தோட்டத்தில் வேலை நடப்பதை அவர் இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

நூல் கட்டிய தக்கையை எடுத்தாள். கார்பரேட்டர் குழாயை மாட்டினாள். சீட்டை மூடாமல் அரை மணி காற்றாட விட்டாள். ஒருத்தரும் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப எடுக்கலாமா?" யாரிடமும் அனுமதி கேட்டுப் பழகாத காசிமாயன் கேட்டார்.

"நீங்களே மோந்து சொல்லுங்க."

ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டி, சம்பந்திக்கு முதுகைக் காட்டி, வண்டியின் வயிற்றுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். நன்றாக இழுத்து, இரண்டு தடவை.

"ஒண்ணும் மணக்கல, ஆத்தா."

"அப்பப் போய் சூடத்தப் பொருத்துங்க. அந்தப் பாறை மேலயே இருக்கட்டும்."

பொருத்தினார். சூடம் அணைந்ததும் மாயக்காள் கேன் பெட்ரோலை டாங்கியில் ஊற்றி, பாட்டரி வயரை மாட்டி, சீட்டை மூடினாள். வண்டியைத் தண்ணீரில் தள்ளினார்கள். காசிமாயன் ஏறினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. ஏல மூட்டைபோல விறைப்பாக உட்கார்ந்து குளத்தை ஏழு சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில்தான் கவனித்தார். கரையில் ஒருவரும் தம்மைப் பார்க்கவில்லை. மாயக்காள் சம்பந்தியிடம் வெடித்த பழைய குழாயை வளைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எஞ்சினை அணைத்தார். முழு ஆளாக, ஒரு மயிர்கூடக் கருகாமல், நடுக்குளத்தில் மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, அந்தக் குழாய இங்கிட்டும் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க. நான் சரியா பாக்கல."