மூன்றாம் நாள் அழைப்பு

விலை கேட்டவர்களை அகஸ்டினா மறுநாளே கூப்பிட மாட்டாள். மறுநாள் கூப்பிட்டால் வேலையில்லாதவள் என்று நினைப்பார்கள். ஒரு வாரம் விட்டால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள். மூன்றாம் நாள், மாலை ஆறு மணிக்கு மேல், தேயிலை மலையிலிருந்து திரும்பிய பெண்கள் கைகால் கழுவி, அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு உட்காருகிற நேரத்தில் கூப்பிடுவாள். பண்டாரவளையில் கடை போட்டு, கல்யாண வீடுகளுக்கும் சடங்கு வீடுகளுக்கும் பன்னிரண்டு வருடம் மணவறை மேடை கட்டியதில் அவளாகக் கண்டுபிடித்த முறை அது.

கணவன் ஞானசீலன் இருந்தவரை லொறி ஓட்டுவதும் கம்பி பூட்டுவதும் அவன் வேலை. நிறம், பூ, துணி எல்லாம் அவள் வேலை. அவன் இறந்து பதினான்கு மாதம். இப்போது லொறியை அவன் தம்பி றொனி ஓட்டுகிறான்.

நாலு மாதமாக அந்த மூன்றாம் நாள் பலிக்கவில்லை. ஏழு வீடுகள். ஏழிலும் ஒரே பதில். "சொல்றோம் அக்கா."

வேண்டாம் என்பதற்கு இந்தப் பக்கத்தில் அதுதான் வார்த்தை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வேண்டாம் என்கிறவர்கள் கூடவே ஒரு குறையும் சொல்வார்கள். விலை கூடுதல், பூ போன தடவை வாடியிருந்தது, மச்சான் வேறு ஆளைச் சொல்கிறார். இந்த ஏழு பேரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த மரியாதைதான் அவளை உறங்கவிடாமல் செய்தது.

லொறி மட்டும் சும்மா நிற்கவில்லை. சனி ஞாயிறுகளில் மணவறைக் கம்பிகளோடும் துணிகளோடும் கிளம்பிவிடும். "பதுளையில அஸ்ஹர் நானா வாடகைக்குக் கேக்குறாரு அண்ணி. நம்மகிட்ட சும்மா கெடக்குறதுக்கு போயிட்டு வரட்டுமே" என்பான் றொனி. வாடகையை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுப்பான். அவளும் வாங்கி வைப்பாள்.

எட்டாவது வீடு பூனாகலை ஜீவராணியுடையது. மகள் பெரியபிள்ளையான சடங்கு. அவளே மூன்று தடவை பேசி, ஊதா வேண்டாம் மஞ்சள் வேண்டும் என்று சண்டை பிடித்து, அகஸ்டினா வரைந்து அனுப்பிய படத்தை மகளின் தோழிகளுக்கெல்லாம் காட்டினவள். அவளும் மூன்றாம் நாள், "சொல்றோம் அக்கா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அகஸ்டினா பூனாகலை பஸ்ஸில் ஏறினாள்.

தோட்டத்து லயத்தில், வீட்டு வாசலில் அவளைக் கண்டதும் ஜீவராணி துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அய்யோ, அக்கா. ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாமே."

"சொன்னா நீ வீட்ல இருக்க மாட்டியே."

ஜீவராணி சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை.

"வேற ஆளுக்குக் குடுத்துட்டியா? அத மட்டும் சொல்லிரு. ஒன்னோட சண்ட பிடிக்க வரல."

"வேற ஆளா? உங்களுக்குத்தானேக்கா குடுத்திருக்கோம். றொனி தம்பி வந்து பேசி முடிச்சிட்டாரே."

"எப்ப?"

"நீங்க போன் எடுத்ததுக்கு மொத நாளு."

அகஸ்டினா வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாள். அவள் மூன்றாம் நாள்தான் கூப்பிடுவாள் என்று தெரிந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான்.

"அப்ப ஏன் சொல்றோம்னு சொன்ன?"

"அவருதான் அப்பிடிச் சொல்லச் சொன்னாரு. அண்ணி புருஷன் இல்லாதவங்க, மணவறையில கை வைக்க மாட்டாங்க, நான்தான் கட்டுவேன், நீங்க பயப்படாதீங்கன்னாரு. ஒங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிருமாம்."

"நீங்க கேட்டீங்களா, நான் வரக்கூடாதுன்னு?"

"என் புள்ள மேல சத்தியமா இல்லக்கா. எங்க மாமிக்கே அந்த நெனப்பு வரல. ஒங்க படத்தப் பாத்து எப்பிடி சந்தோசப்பட்டாங்க தெரியுமா?" ஜீவராணி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இப்ப அவரு சொன்னதுக்குப் பொறகு..."

உள்ளறையில் மாமி இருமுவது கேட்டது. வெளியே வரவில்லை. தேநீர் வந்தது. அகஸ்டினா அதை முழுவதும் குடித்தாள். குடிக்காமல் எழுந்தால் அந்தப் பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது.

அவள் திரும்பியபோது றொனி கடைக்கு முன்னால் லொறியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"பூனாகலைக்குப் போயிட்டு வாறேன்" என்றாள்.

அவன் குழாயை மூடினான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தொழில் நிக்கக் கூடாதுன்னுதான் அண்ணி. சனங்க வாயால சொல்ல மாட்டாங்க. மனசுல வச்சிருப்பாங்க."

"யாரு வச்சிருந்தா? ஒரு பேரு சொல்லு."

"பேரு எப்பிடி சொல்றது? இதெல்லாம் நாமளா வெளங்கிக்கிறதுதானே."

"நாம கோயிலுக்கா போறோம்? சர்ச்சுக்குப் போற குடும்பம். ஒங்க அண்ணன் செத்தப்ப பாதர் அப்பிடி ஏதாவது சொன்னாரா?"

"நமக்கு இல்ல அண்ணி. அவங்களுக்கு இருக்கே."

"எட்டு வீட்ல ஒரு வீடாவது கேட்டுச்சா றொனி?"

அவன் கையிலிருந்த துணியைப் பிழிந்தான். தண்ணீர் தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தான். அப்பாவி முகம். அந்த முகத்துக்குத்தான் பதினான்கு மாதமாகச் சோறு போட்டிருக்கிறாள். அஸ்ஹர் நானா வாடகை என்று அவன் கொண்டுவந்து கொடுத்ததெல்லாம் அந்த வீடுகளின் பணம்தான். அவளிடமிருந்து அவன் எடுத்தது பணமில்லை. அவள் வரைந்ததை அவன் கட்டியிருக்கிறான். ஏழு மேடையிலும் அவளுடைய பூவும் துணியும் நின்றிருக்கின்றன. அவள் மட்டும் அங்கே நிற்கக் கூடாதவளாக ஆகியிருக்கிறாள்.

அன்று மாலை அவள் அந்த ஏழு வீடுகளையும் கூப்பிட்டாள். நான் வரக் கூடாது என்று நீங்களாகக் கேட்டீர்களா என்று மட்டும் கேட்டாள். ஆறு வீடு இல்லை என்றது. ஏழாவது, ஹல்துமுல்லை சிவஞானம். மகள் கல்யாணத்தை முடித்தவர். "நாங்க நெனைக்கலம்மா. ஆனா ஒருத்தரு வந்து சொல்லிட்டா அப்புறம் எப்பிடி நெனைக்காம இருக்குறது?" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. 

மறுநாள் காலை லொறிச் சாவியை றொனியிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பூனாகலை வேலைக்கு மட்டும் சாவி தருவதாகவும், அதை முடித்துக் கொடுத்துவிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னாள். அந்தப் பிள்ளையின் சடங்கு கெடக் கூடாது. அவன், "சரி அண்ணி" என்றான். 

மத்தியானம் பதுளையிலிருந்து ஒரு புது அழைப்பு. சஜீவனி என்றாள். தங்கை கல்யாணம், மேடைக்கு என்ன விலை என்று கேட்டாள். இளம் குரல், அவசரக் குரல்.

இரண்டாம் நாளில் முந்திக்கொண்டு போய்ப் பேச இனி யாரும் இல்லை. ஆனாலும் அகஸ்டினாவுக்குப் பயமாக இருந்தது. வேறு யாரோ சொல்லி இவள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. 

"விலைக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன் தங்கச்சி. எனக்கு வீட்டுக்காரர் இல்ல. தவறிட்டாரு. மணவறைய நான்தான் வந்து கட்டுவேன். ஒங்க வீட்ல சம்மதம்னா மேல பேசுவோம்."

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கடந்து போவது கேட்டது.

"அக்கா," என்றாள் அந்தப் பெண், குழம்பிப்போய், "நாங்க அதெல்லாம் கேக்கவே இல்லையே."

அகஸ்டினா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் வாயிலிருந்து வந்தது றொனியின் வார்த்தை என்று அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.