சக்கரத்தின் முதுகு

சக்கரம் மறுபடியும் அதே இடத்தில் போய் நின்றது.

"இன்று நீதான் லீடர்!" என்று நாலாம் வகுப்பு மொத்தமும் சத்தமாகப் படித்தது. குரலில் பாதி குஷி, பாதி கொட்டாவி. சுற்றிவிட்டவன் கடைசி பெஞ்சுப் பையன். எதற்கெடுத்தாலும் எழுந்து நின்று வாதாடுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியபடி அவன் முன்னால் நடந்து வர, ஓட்டில் ஜெயித்த நிஜ லீடர் தன் சட்டையிலிருந்த வட்ட பேட்ஜை அவனிடம் கொடுத்துவிட்டு நடு வரிசையில் போய் உட்கார்ந்தாள். அப்போது டீச்சர் ஒன்றைக் கவனித்தார். கவனித்ததை மூளையின் ஓர் ஓரத்தில் போட்டுவிட்டுப் பாடத்துக்குத் திரும்பிவிட்டார். துப்பறிகிறவராக இருந்தால் அப்படிப் போட்டிருக்க மாட்டார்.

கவனித்தது இதுதான்: சக்கரம் நிற்பதற்கு முன்பே அந்தப் பெண்ணின் விரல்கள் பேட்ஜின் ஊக்கைக் கழற்றிவிட்டிருந்தன.

சக்கரம் டீச்சர் சொந்தக் கையால் செய்தது. பழைய சாமான் கடையில் பிடித்த சைக்கிள் சக்கரம், அதன் மேல் வட்டமாக வெட்டிய ப்ளைவுட், ப்ளைவுட்டில் எட்டுக் கட்டம், எட்டு வண்ணம். கட்டத்துக்குக் கட்டம் ஓர் ஆணி. உச்சியில் முள்ளுக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் ஸ்கேல் துண்டு. சுற்றிவிட்டால் டிர்ர்ர் என்று ஆரம்பித்து, டிக்... டிக்... என்று மெலிந்து, கடைசி டிக்குக்கு முன்னால் முப்பது பிள்ளைகளின் மூச்சையும் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் தான் நிற்கும். காலையில் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னவருக்கு ஒரு சுற்று. முள்ளுக்கு நேராக எது வருகிறதோ அது அவருக்கு. வீட்டுப்பாடம் கிடையாது, ஜன்னல் சீட், இன்று நீதான் லீடர் என்று வரலாம். பரிசு டப்பாவுக்குள் கை விடலாம். சேவல் மாதிரி கூவு என்றும் வரலாம்; அந்தச் சேவலுக்காகவே ஏழாம் வாய்ப்பாட்டை நெட்டுருப் போட்ட ஜீவன்கள் உண்டு. சக்கரம் வருவதற்கு முன்பு இந்த வகுப்பில் வாய்ப்பாடு கேட்டால், எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பெஞ்சுக்கு அடியில் பென்சில் விழும். இப்போது கேட்காமலே சொல்கிறார்கள். குளிக்கும்போதும் சொல்வதாகத் தகவல்.

அன்று மதியம் பெரிய மேடத்தின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய மேடம் என்றால் தலைமை ஆசிரியை. அவர் மேஜைக்கு எதிரே ஒரு பெண்மணி முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர். லீடர் பெண்ணின் அம்மா.

"என் பொண்ணு ஓட்டுல ஜெயிச்சு லீடர் ஆனவ, டீச்சர்." வலிக்காது என்று சொல்லிவிட்டு ஊசி போடுகிற குரல். "தினம் ஒரு சக்கரம் வந்து அதைப் பிடுங்கிக்குது. ஒரு நாள், ரெண்டு நாள்னா அதிர்ஷ்டம்னு விடலாம். தினமும்னா? அதுல ஏதோ தகிடுதத்தம் இருக்கு."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க. அது சும்மா சுத்தற சக்கரம்."

"சும்மா சுத்தினா சும்மா நிக்கணும்ல? சொல்லி வச்ச மாதிரி ஏன் நிக்குது?"

பெரிய மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று பள்ளிக்கூடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நான் வர்றேன். நானே சுத்தறேன். இவங்களும் கூட வரட்டும். ஒழுங்கா சுத்திச்சுன்னா உங்க சக்கரம் உங்ககிட்ட. ஒரே இடத்துல போய் நின்னுச்சுன்னா நேரா ஸ்டோர் ரூம். உடைஞ்ச நாற்காலிக்கெல்லாம் துணையா இருக்கும்."

பள்ளி விட்டதும் டீச்சர் வகுப்பறைக் கதவைச் சாத்திவிட்டுச் சக்கரத்தைத் தனியாக எதிர்கொண்டார். சுற்றினார். லீடர். மறுபடி சுற்றினார். லீடர். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார், இடது கையால் சுற்றினார், கோபத்தில் சுற்றினார். எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஸ்டாண்டைச் சுவரோரத்திலிருந்து நகர்த்திப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

குற்றம் அங்கே இருந்தது. நீல நிறத்தில்.

கைவேலை வகுப்புக் களிமண். எலுமிச்சை அளவு உருண்டை. 'பரிசு டப்பா' கட்டத்துக்கு நேர் பின்னால், கம்பிகளுக்கு நடுவே, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டப்பட்டிருந்தது. சின்னக் கட்டைவிரல். ரேகைகூடப் பதிந்திருந்தது. பரிசு டப்பா மேல் ஆசைப்பட்ட எவனோ ஒருவன் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியானால் பரிசு டப்பாவில் அல்லவா நிற்க வேண்டும்? அதற்கு நேர் எதிர்க் கட்டத்தில் ஏன் நிற்கிறது? சக்கரத்தைப் பிடித்து மெதுவாக விட்டுப் பார்த்தார். களிமண் இருந்த பக்கம் சொகுசாக இறங்கி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அடியில் பரிசு டப்பா. உச்சியில், முள்ளுக்கு நேராக, லீடர்.

"அடிப்பாவி!" என்றார் டீச்சர், யாரைச் சொல்கிறோம் என்று தெரியாமலே.

மறுநாள் காலை அவர் செய்ததுதான் பெரிய தப்பு. டீச்சருக்குத் திட்ட வராது. விளக்கத்தான் வரும். விளக்க ஆரம்பித்தால் நிறுத்த வராது.

"உங்கள்ல யாரோ சக்கரத்துக்குப் பின்னாடி களிமண் ஒட்டியிருக்காங்க. யாருன்னு நான் கேக்க மாட்டேன். நான் அதைத் தொடவும் இல்லை. ஒட்டினவங்களே எடுத்துடணும். ஆனா அது எப்படி வேலை செஞ்சுதுன்னு தெரியுமா?" என்று சாக்பீஸை எடுத்தார். கரும்பலகையில் ஒரு வட்டம். வட்டத்தின் அடியில் ஓர் உருண்டை. கனம் கீழே போகும், கீழே போனதற்கு எதிரில் இருப்பது மேலே வரும், ஆக, வர வேண்டியதற்கு எதிரில் கனம் வைத்திருக்கிறார்கள், என்ன மூளை பாருங்கள் என்று அரை பீரியட் போனது. முப்பது ஜோடிக் கண்களும் இமைக்கவில்லை. இந்த வகுப்பு இவ்வளவு அமைதியாக ஒரு பாடத்தை இதுவரை கேட்டதில்லை. டீச்சர் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

"டீச்சர், ஒரு டவுட்டு," என்று வக்கீல் எழுந்தான். "இப்ப சேவல் வரணும்னா எதுக்குப் பின்னாடி ஒட்டணும்?"

"ஜன்னல் சீட்டுக்குப் பின்னாடி. அதானே எதிர்ல இரு... டேய், உக்காருடா!"

விஷயத்தைச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை யார் வருகிறார்கள், என்ன ஆகும், ஸ்டோர் ரூம் எவ்வளவு இருட்டு, எல்லாம். அதுவரை சக்கரத்துக்கு ஓய்வு என்று அதன்மேல் ஒரு மேஜைத் துணியையும் போர்த்தினார். "நான் பின்னாடி எட்டிப் பாக்க மாட்டேன். உங்களை நம்பறேன். சத்தியம்."

சத்தியம் செய்கிறவர்களுக்குத்தான் சோதனை வரும் போலிருக்கிறது. அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும், பள்ளி மணி அடித்த பிறகு, டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன் என்று வகுப்புக்குத் திரும்பி ஓடாத பிள்ளையே இல்லை. சிலர் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே ஓடினார்கள். கைவேலை அலமாரியில் களிமண் டப்பா காலி. பச்சை விரல் நகங்கள், மஞ்சள் விரல் நகங்கள். போர்த்திய துணி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கோணலில் தொங்கியது. டீச்சர் எல்லாவற்றையும் பார்த்தார். பின்பக்கத்தை மட்டும் பார்க்கவில்லை. போச்சு என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. சக்கரம் போய்விட்டால் திங்கட்கிழமை மறுபடியும் பெஞ்சுக்கு அடியில் பென்சில்கள் விழ ஆரம்பிக்கும்.

வெள்ளி. கடைசி பீரியட். பெரிய மேடம் முன்னால், பல் டாக்டர் பின்னால். வகுப்பு எழுந்து வணக்கம் சொன்ன விதத்திலேயே ஒரு திருட்டு முழி இருந்தது.

மேடம் துணியை உருவினார். சுற்றினார். டிர்ர்ர். டிக். டிக்... வீட்டுப்பாடம் கிடையாது.

மறுபடி. விடுகதை சொல்.

மறுபடி. ஜன்னல் சீட். அடுத்தது டீச்சர் நாற்காலி. அதற்கடுத்தது பரிசு டப்பா. டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டரின் புருவம் மெல்ல மேலே ஏறியது. பிள்ளைகளின் முகங்களோ பார்க்கச் சகிக்கவில்லை. ஒவ்வொருவரும் வேறு ஒரு கட்டத்துக்காகக் காத்திருந்து, அது வராமல், ஏன் வரவில்லை என்று வெளியே கேட்கவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது சுற்றுக்கு மேடம் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பார்க்க வந்ததை மறந்தவராக, முழுக் கையையும் வீசி இழுத்தார்.

சேவல் மாதிரி கூவு.

வக்கீல் எழுந்தான். "மேடம், முள்ளு எங்க நிக்குதோ அதைச் செய்யணும் மேடம். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"டேய்!" என்றார் டீச்சர்.

பெரிய மேடம் கதவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கழுத்தை நீட்டினார். கொக்கரக்கோ என்று அவர் போட்ட போடில் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு பாதியில் நின்றது. நாலாம் வகுப்பு பெஞ்சு மேல் ஏறியது. பல் டாக்டர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"சரி, ஒழுங்காத்தான் சுத்துது," என்றார் மேடம், மூச்சு வாங்க.

"ஒரு நிமிஷம் மேடம்." பல் டாக்டர் கைக்குட்டையை மடித்தார். "பின்பக்கத்தையும் பாத்துடலாமே. வாயைத் திறந்து காட்டாம பல்லு நல்லாருக்குன்னு நான் சொல்றதில்லை."

ஸ்டாண்டைத் திருப்பினார்கள்.

ப்ளைவுட்டின் முதுகில் கையகல இடம்கூடச் சும்மா இல்லை. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு உருண்டைகள். களிமண் தீர்ந்துபோன பிறகு வந்தவர்கள் தங்களால் முடிந்ததை ஒட்டியிருந்தார்கள்: டேப் போட்ட அழிரப்பர், கோட்டுப் பொத்தான், மென்று முடித்த சூயிங்கம், பென்சில் ஷார்ப்னர் ஒன்று, ஒற்றைக் காலுறைக்குள் கட்டிய கூழாங்கற்கள். எட்டுத் திசையிலும் ஆசைகள். ஒன்றை இழுக்க இன்னொன்று, அதை இழுக்க மற்றொன்று.

வக்கீல்தான் முதலில் எழுந்தான்: "எல்லாரும் ஏமாத்திட்டோம் மேடம். அதனால யாரும் ஏமாத்தலை."

"முதல்ல ஒட்டினது நான்."

நடு வரிசையில் லீடர் எழுந்து நின்றாள். சட்டையில் பேட்ஜ். அம்மாவின் முதுகு முதல் தடவையாக வளைந்தது.

"நீயா? நீ எதுக்குடி? அது உன் பதவியை இல்ல பிடுங்குது?"

"அதுக்குத்தான்மா." அவள் பேட்ஜைத் திருகினாள். "லீடர்னா யார் யார் பேசறாங்கன்னு போர்டுல பேர் எழுதணும். எழுதினா விளையாட சேத்துக்க மாட்டாங்க. எழுதலைன்னா டீச்சர் கேப்பாங்க. வேற யாராவது லீடரா இருந்தா நானும் பேசலாம்." உதட்டோரத்தில் அடக்கமாட்டாமல் ஒன்று எட்டிப் பார்த்தது. "பேசினேன்மா. வக்கீல் என் பேரை எழுதினான். போர்டுல முதல் பேரே என்னோடதுதான்!"

பெரிய பரிசை வாங்கி வந்தவளைப் போல அதைச் சொன்னாள்.

"வாயே மூடலை மேடம், அதான் எழுதினேன்," என்றான் வக்கீல்.

பல் டாக்டர் மகளைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், நீல உருண்டையில் பதிந்திருந்த கட்டைவிரலைப் பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று டீச்சர் பதறி ஒரு எட்டு வைப்பதற்குள் சத்தம் வெளியே வந்துவிட்டது. முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு.

பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பு உறைந்தது. துடைத்தார். ஒரு பக்கம், மறு பக்கம். மெதுவாக மாட்டிக்கொண்டார். தீர்ப்பு வரவில்லை. சக்கரத்தை மட்டும் முன்பக்கமாகத் திருப்பி, பல் டாக்டருக்கு வழி விட்டார்.

"நீங்க ஒரு தடவை சுத்துங்களேன், டாக்டர்."

"நானா? வரது எதுவா இருந்தாலும் செய்யணுமா?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்!" என்று மொத்த வகுப்பும் அலறியது.

டாக்டர் கைப்பையை டீச்சரிடம் கொடுத்துவிட்டு இழுத்தார். டிர்ர்ர் என்று எட்டு வண்ணமும் ஒன்றாகக் கரைந்தன. சேவல், சேவல் என்று ஒரு பாதி. டப்பா, டப்பா என்று ஒரு கால்வாசி. மிச்சமெல்லாம் என்னவென்றே புரியாத கூச்சல். வகுப்பு இப்படிச் சத்தம் போட்டால் லீடர் சாக்பீஸோடு போர்டுக்கு ஓட வேண்டும். பழக்க தோஷத்தில் அவள் ஓடியும்விட்டாள். சாக்பீஸ் பலகையில் பட்டது, ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்தது. அவ்வளவுதான். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி, கழுத்து நரம்பு புடைக்க, "சேவல்மா! சேவல்!" என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள்.

டிக். டிக்... டிக். லீடருக்கும் சேவலுக்கும் நடுவிலிருந்த ஆணி முள்ளின் மேல் சாய்ந்தது. ஸ்கேல் துண்டு வளைந்தது. இன்னும் வளைந்தது.

பல் டாக்டர் கழுத்தை நீட்டத் தயாராக நின்றுகொண்டிருந்தார்.