டெல்மர் விட்டுப்போன மூன்று பேர்

"நீங்க பந்து போடும்போதுதானே அந்த மூணு பேரும் ஓடி வந்தாங்க? அப்புறம் ஏம்ப்பா டெல்மர் அங்கிள் பேர்ல எழுதினாங்க?"

என் மகள் ஜோசி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. டென்னசியில் ஒரு ஜூலை மாதம், ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், காரின் பின் இருக்கையில் இருந்து கேட்டாள்.

"அதுதாம்மா ஆட்டத்தோட விதி. அவங்கள பேஸ்ல ஏத்திவிட்டது டெல்மர். அப்புறம் யாரு வந்து பந்து போட்டாலும், அவங்க ஓடி வந்து ரன் எடுத்துட்டா அந்த ரன் டெல்மர் பேர்லதான்."

"அப்போ நீங்க ஒண்ணும் பண்ணலையா?"

"இல்லம்மா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு "சரி" என்றாள்.

நான் பதினான்கு ஆண்டுகள் பேஸ்பாலில் பந்து வீசினேன். ஆட்டத்தைத் தொடங்குபவன் அல்ல. வேறொருவன் தடுமாறி நிற்கும்போது பாதியில் கூப்பிடப்படுபவன். மைதானத்தின் கடைசியில், வேலிக்குப் பின்னால் ஒரு நீள பெஞ்சில் எங்களை மாதிரி ஆறேழு பேர் உட்கார்ந்திருப்போம். தொலைபேசி அடித்தால் ஒருவன் எழுந்து கையைச் சூடேற்றுவான். சில நாள் சூடேற்றிவிட்டு மறுபடியும் உட்கார்ந்துகொள்வான். பதினொரு அணிகளில் இருந்தேன். தொலைக்காட்சியில் வரும் பெரிய அணியில் மொத்தம் பத்தொன்பது நாள்.

டென்னசியில் நடந்தது இதுதான். டெல்மர் ஸ்டோக்ஸ், ஓடுபவர்கள் தங்கி நிற்கும் மூன்று பேஸ்களிலும் எதிரணி ஆட்களை ஏறவிட்டு வெளியேறினான். நான் உள்ளே ஓடும்போது எதிரில் வந்தவன், "குப்பையைக் கொட்டி வச்சிருக்கேன்டா, மன்னிச்சுக்கோ" என்றான். அன்று என் தோள் இறுகிக் கிடந்தது. வேகமாகப் போட்டால் வலிக்கும். 'இவை என் ரன்கள் அல்ல' என்று ஒரு நினைப்பு வந்தது. டெல்மர் மேல் எனக்குக் கோபமோ பொறாமையோ இல்லை. அந்த நினைப்பு மட்டும்தான் வந்தது. நான் நோகாமல் ஒரு பந்தை நடுவில் போட்டேன். எதிரணிக்காரன் அடித்த அடியில் அது வேலியில் போய் முட்டியது. மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். அடுத்த இரண்டு பேரைச் சுலபமாக வெளியேற்றினேன். என் பேரில் ஒரு ரன்கூட ஏறவில்லை.

மறுநாள் காலை டெல்மரின் அலமாரி காலியாக இருந்தது. அவனை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் நாற்காலியில் ஒரு சூரியகாந்தி விதைப் பொட்டலம் இருந்தது. எங்கள் பெஞ்சில் அப்படி ஒரு வழக்கம். நீ விட்டுப்போன ஆட்களை ஓடி வரவிடாமல் ஒருவன் காப்பாற்றினால், அவனுக்கு நீ ஒரு பொட்டலம் விதை வாங்கி வைக்க வேண்டும். நான் யாரையும் காப்பாற்றவில்லை. இருந்தும் வாங்கி வைத்திருந்தான். பென்சிலால் அதன்மேல் எழுதியிருந்தான்: 'முயற்சி பண்ணினதுக்கு.'

அதை நான் பிரிக்கவில்லை. தூக்கியும் போடவில்லை. ஊருக்கு ஊர், பைக்குப் பை அது கூடவே வந்தது. அன்று வேண்டுமென்றே நோகாமல் போட்டதை மனைவியிடம் சொல்லவில்லை, பாதிரியாரிடம் சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரியும் என்பதால் அவரிடமும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து, அயோவாவில் நான் இருந்த அணிக்கு மே மாதம் டெல்மர் வந்து சேர்ந்தான். நடுவில் மெக்சிகோ, தைவான், ஒரு வருடம் கூரை வேலை. என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டான்.

"உன்னை இன்னும் யாரும் கண்டுபிடிக்கலையாடா நூனன்?"

"நீ மட்டும் என்னவாம். உன் பந்து வந்து சேர்றதுக்குள்ள பேட்டிங் பண்றவன் ஒரு காபி குடிச்சிடலாம்."

"குடிக்கட்டுமே. கை நடுங்கும்ல."

அந்த வருடம் என் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போயிருந்தன. முழங்கையில் ஏதோ நரம்பு. விரல்கள் மட்டுமல்ல. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே ரொட்டியை ஒரே மாதிரி மென்றேன். வீட்டுக்குப் போன் செய்தால் ஜோசி பேசுவாள், நான் "உம், உம்" என்பேன். வைத்த பிறகு என்ன சொன்னாள் என்று நினைவிருக்காது.

விரல் விஷயத்தை டெல்மர் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். முதுகு வலிக்காக அவன் ஒரு வெந்நீர்ப் பை வைத்திருந்தான். குளிரடித்த ஒரு மாலை, அதை எடுத்து என் கைமேல் வைத்தான்.

"ரெண்டு வெரல் செத்துப் போச்சுல்ல?"

"யார்கிட்டயும் சொல்லிடாதடா."

"நான் என்ன டாக்டரா?"

அதற்குப் பிறகு தினமும் அந்தப் பை முதலில் என் கைக்குத்தான் வந்தது.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் 'ஸ்கிப்' என்று கூப்பிடும் மேனேஜர் லைல் ஹாஸ்கெட் எங்கள் இருவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். காயம்பட்டிருந்த இளம் வீரன் திங்கட்கிழமை திரும்பி வருகிறானாம்.

"உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும். மேலிடம் நாளைக்கு ஆட்டத்தப் பார்த்துட்டு முடிவு பண்ணும். ஒளிச்சு வைக்க எனக்குப் பிடிக்கல, அதான் சொல்லிட்டேன்."

அந்த வயதில் வெளியே போனால் வேறு அணி கூப்பிடாது என்று இருவருக்கும் தெரியும். டெல்மருக்குக் கூரை வேலை. எனக்கு அதுவும் தெரியாது. வெளியே வந்ததும் டெல்மர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்கு நீ நல்லாப் போடணும்னு வேண்டிக்கவா, வேண்டாமா, தெரியலடா."

"ரெண்டுக்கும் வேண்டி வை."

ஞாயிறு காலை, எடை தூக்கும் அறையில் வழக்கம்போல ஜெபம். ஏழு பேர் ரப்பர் விரிப்பில் உட்கார்ந்திருந்தோம். முறை வந்தபோது டெல்மர் சத்தமாக ஜெபித்தான்: "ஆண்டவரே, இங்க ஒருத்தனுக்குக் கை சரியில்ல. யாருன்னு உமக்குத் தெரியும். பார்த்துக்கும்." நான் தலை குனிந்து என் ஷூ கயிற்றைப் பார்த்தேன். மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் இடம் அவனுக்கே உறுதியாகியிருக்கும். அவனோ அதை ஆண்டவரிடம் மட்டும் சொன்னான், அதிலும் பேர் சொல்லாமல்.

மதியம் ஆட்டம். ஏழாவது இன்னிங்ஸில் நாங்கள் நான்குக்கு மூன்று என்று முன்னால் இருந்தோம். டெல்மர் பந்து வீச வந்தான். ஒருவனை வெளியேற்றினான். பிறகு வரிசையாக மூன்று பேர் பேஸில் ஏறிவிட்டார்கள். ஹாஸ்கெட் நடந்து போய் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டார்.

பாதி வழியில் டெல்மர் எதிரே வந்தான்.

"குப்பையைக் கொட்டி வச்சிருக்கேன்டா. மன்னிச்சுக்கோடா."

அதே வார்த்தைகள். அவனுக்கு நினைவிருந்திருக்காது.

அந்த நினைப்பும் மறுபடி வந்தது. இவை என் ரன்கள் அல்ல. இந்த முறை அதன் மறுபாதியும் வந்தது: இவர்கள் ஓடி வந்துவிட்டால் டெல்மர் போவான், நான் இருப்பேன். ஒரு பந்தை நடுவில் போட்டால் போதும். எனக்குள் நல்லெண்ணம் ஏதும் பொங்கவில்லை. பயமும் இல்லை. மரத்துப்போன இடத்தில் ஒன்று மட்டும் உறுத்தியது, காரின் பின் இருக்கைக் கேள்வி. அப்போ நீங்க ஒண்ணும் பண்ணலையா?

வலிக்கும் என்று தெரிந்தே வேகமாகப் போட்டேன். முதல் ஆள் விடவில்லை. பதினொரு பந்துகள். பந்து கையில் இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாததால் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொண்டேன். கடைசியில் அவன் காற்றை அடித்துவிட்டுப் போனான். அடுத்தவன் அடித்த பந்து நேராக வந்து என் கணுக்காலுக்கு மேல் எலும்பில் மோதி முன்னால் உருண்டது. எங்கள் கேட்சர் ராமிரோ அதை எடுத்து, மூன்றாவது பேஸிலிருந்து ஓடி வந்தவன் சேருமுன் தன் தட்டை மிதித்து அவனை வெளியேற்றினான். இன்னிங்ஸ் முடிந்தது. மூன்று பேரில் ஒருவனும் ஓடி வந்து சேரவில்லை.

"காலால பந்து போட எப்போ கத்துக்கிட்ட?" என்று டெல்மர் என் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டான்.

"இன்னொரு இன்னிங்ஸ் தாங்குமா?" என்று ஹாஸ்கெட் கேட்டார்.

"தாங்கும் ஸ்கிப்" என்றேன். நாங்கள் எப்போதும் அதைத்தான் சொல்வோம். கையில் ஒன்றும் மிச்சமில்லை. எட்டாவது இன்னிங்ஸில் பந்தைச் சரியாகப் போட முடியாமல் ஒருவனை இலவசமாக முதல் பேஸுக்கு நடக்கவிட்டேன். அடுத்தவன் அடித்த பந்து வேலியைத் தாண்டி, வெளியே நின்ற கார்களுக்கு நடுவே போய் விழுந்தது. இரண்டு ரன். ஆட்டம் போயிற்று. அந்த இரண்டையும் என் பேரில் எழுதினார்கள். அதில் யாரும் கேள்வி கேட்க ஒன்றுமில்லை.

திங்கள் காலை ஹாஸ்கெட் தன் அறையில் இருந்தார்.

"கதவைச் சாத்துப்பா."

அதைக் கேட்டவனுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

"ஏழாவது இன்னிங்ஸ் அருமையாப் போட்ட. மேலிடம் எட்டாவதத்தான் பார்த்துச்சு."

"பரவாயில்ல ஸ்கிப்."

"எல்லாருக்கும் சொல்லி அனுப்பணுமா, இல்ல நீயே…"

"வேண்டாம். நான் கெளம்பறேன்."

உடை மாற்றும் அறையில் அப்போது யாரும் இல்லை. துணி துவைக்கும் இயந்திரம் மட்டும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது. என் நாற்காலியில் புதிதாக ஒரு சூரியகாந்தி விதைப் பொட்டலம். நேற்று மாலையே வாங்கி வைத்திருக்க வேண்டும். மேலே எதுவும் எழுதவில்லை.

அதைப் பிரித்து நான்கைந்து விதைகளை வாயில் போட்டேன். உப்பு தெரிந்தது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்து மென்றேன்.

பையில் சாமான்களை அடுக்கும்போது அடியில் அந்தப் பிரிக்காத பழைய பொட்டலம் கையில் பட்டது. காகிதம் வெளுத்திருந்தது. பென்சில் எழுத்து தேய்ந்திருந்தாலும் படிக்க முடிந்தது. அதைக் கொண்டுபோய் டெல்மரின் அலமாரியில், வெந்நீர்ப் பைக்குப் பக்கத்தில், எழுத்து வெளியே தெரியும்படி வைத்தேன்.