அக்கரை ஏரியின் பனிக்கட்டி

அந்தப் பெண் கதவைத் தட்டினாள். அதிலேயே ஊலாயூவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் யாரும் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வந்துவிடுவார்கள். தட்டுகிறவர்கள் போலீஸ்காரர்கள், இல்லையென்றால் எதையாவது எடுத்துப்போக வந்தவர்கள்.

அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஊலாயூவின் கொழுந்தன் ஜோனாசி நின்றான். ஊரின் தண்ணீர் லாரி அவன் கையில்தான் இருந்தது.

"அண்ணி, இது மிரேய். தெக்கேருந்து வந்திருக்கு. ஊர்த் தண்ணி இன்னும் எத்தன வருஷம் தாங்கும்னு பாக்குது."

"போன தடவ ஒருத்தன் வந்து பாத்தானே. என்ன ஆச்சு?"

"இது அப்பிடி இல்ல. நம்ம வீட்டு டீயெல்லாம் குடிக்குது."

"குடிக்கட்டும். குடிச்சிட்டுக் கெளம்பட்டும்."

ஊர் ஏரி வருடா வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. விரிகுடாவின் அக்கரையில் இன்னொரு ஏரி உண்டு. அந்தத் தண்ணீர் குடிக்க ஆகும் என்றால் ஊர் தப்பிக்கும். ஆனால் ஜூன் மாதத்தில் கடல்பனி உடைந்து கிடந்தது; பனிவண்டியும் போகாது, படகும் போகாது. அக்கரை ஏரியில் வெட்டிய பனிக்கட்டி ஊரில் ஒன்றுதான் மிச்சம். அது ஊலாயூவின் ஃப்ரீசரில் இருந்தது. அதைக் கேட்டுத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

அவள் கணவன் ஈப்பலி வெட்டி வந்தது. லாரித் தண்ணீரில் டீ போட்டால் குளோரின் மருந்து வாடை அடிக்கிறது என்று அவள் முகம் சுளிப்பாள். அதற்காகவே அவன் விரிகுடாவைக் கடந்து போவான். மே மாதம் மறுபடி போனவனைக் கடல்பனி விழுங்கியது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்கும் நாளுக்காகத்தான் அவள் கட்டியைத் தொடாமல் வைத்திருந்தாள். சீல் என்ற கடல்நாயைப் பிடித்தால் அதன் வாயில் கொஞ்சம் நல்ல தண்ணீர் விட்ட பிறகே ஈப்பலி கத்தியை எடுப்பான். 'உப்புலயே கெடந்திருக்கு, தாகமா இருக்கும்' என்பான். இப்போது அவனும் உப்பில் கிடந்தான்.

இரண்டு ஏரியும் ஒரே தண்ணீர்தான் என்று இந்த மிரேய் எழுதிவிட்டால்? அவன் போனது எதற்கு என்று ஆகாதா?

ஊலாயூ முன்னறை ஃப்ரீசருக்குப் போய், அக்கரைக் கட்டியை விட்டுவிட்டு, லாரித் தண்ணீரை டப்பாவில் உறையவைத்திருந்த கட்டியை எடுத்து வந்தாள். மிரேய் அதைப் பையில் போட்டு, வெட்டியவர் என்று ஈப்பலியின் பெயரை மேலே நிதானமாக எழுதினாள்.

"அண்ணன் வெட்டுனதுதானான்னு கேக்குது."

ஊலாயூ புருவத்தை உயர்த்தினாள். அங்கே அதற்கு ஆமாம் என்று பொருள். வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்பது அவள் கணக்கு. ஜோனாசி பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மிரேயிடமே திருப்பிக் கொடுத்தான்.

மறுநாள் காலை வீட்டுத் தொட்டியை நிரப்ப வந்தபோதுதான் சொன்னான்.

"ஏரிக்கட்டி கண்ணாடியா இருக்கும். நீ குடுத்தது நடுவுல வெள்ளை. என் லாரித் தண்ணிய எனக்கே தெரியாதா அண்ணி?"

"அப்பவே சொல்றதுதான?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டு எவன் சொல்லுவான்?" குழாயைச் சுருட்டினான். "அதுல மருந்துதான் வரும். அக்கரை ஏரியும் ஆகாதுன்னு எழுதுவாங்க. மேல அண்ணன் பேரு இருக்கும்."

மிரேய் திரும்பிப் போகவிருந்த விமானம் மூடுபனியால் தாமதமானது. ஊலாயூ நடந்தே ஓடுதளத்துக்குப் போனாள். ஈப்பலியின் சீல்தோல் கையுறைக்குள் அக்கரைக் கட்டி இருந்தது.

"நேத்து குடுத்தது பொய்னு சொல்லு" என்றாள், வழியனுப்ப வந்திருந்த ஜோனாசியிடம். "இதுல பாதி போதுமான்னு கேளு."

அவன் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டான். "முழுசும் வேணுமாம். சோதிச்சா எதுவும் மிஞ்சாதாம்."

ஊலாயூ கையுறையைக் கவிழ்க்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். மிரேய் அதைப் பெட்டியில் வைத்து ஒட்டும் வரை ஊலாயூ கண்ணை எடுக்கவில்லை.

"வழியில மாத்திட மாட்டாளே?"

"யாரு கேக்குறதுன்னு பாரு!" என்று ஜோனாசி சிரித்தாலும் மிரேயிடம் கேட்டான்.

மிரேய் பதிலுக்குப் புருவத்தை உயர்த்தினாள். நெற்றி மொத்தமும் சுருங்கி ஏறியது. அது வாக்குறுதியா, வெறும் திகைப்பா என்று ஊலாயூவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

திரும்பும் வழி கரையோரம் போனது. கையுறையின் அடியில் உருகிய தண்ணீர் ஒரு வாய் அளவு தேங்கியிருந்தது. சீல்தோல் ஒழுகாது. அவள் அதை இரண்டு கைகளாலும் நிமிர்த்திப் பிடித்தபடி, சிந்தாமல், பனித்துண்டுகள் மோதிக்கொண்டிருந்த கடலைப் பார்த்து நின்றாள்.