ராமையாவுக்கு வைத்த தண்ணீர்

கடவுளின் குணங்களைப் பற்றிப் பேசச் சொன்னால் போதும், தினேஸ்வரிக்குப் பசி தாகம் மறந்துபோகும். ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாயில் அவள் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்குழு கூடும். வாரத்துக்கு ஒரு குணம். எங்கும் இருக்கிறவர் என்று ஒரு வாரம், எல்லாம் அறிந்தவர் என்று ஒரு வாரம். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். அடுத்து இரக்கமுள்ளவர் என்பதைப் பற்றிப் பேச வேண்டியது. அதற்குள் பள்ளி விடுமுறை வந்துவிட, பாலர் பள்ளி டீச்சரான அவள் காரை எடுத்துக்கொண்டு அக்காவை அழைத்துவரக் கிளம்பினாள்.

அக்கா மங்களம் இருந்தது தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு பழைய தோட்டத்தில். தோட்டம் என்பதே ஒரு பேச்சுக்குத்தான். ரப்பர் பால்மரங்களை எல்லாம் வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டாகிவிட்டது. தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை, மீதிக்கு ஆள் இல்லை. கடைசி வீட்டில் மங்களம் மட்டும் விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். ஈப்போவுக்கு வா என்றால் ஒரே பிடிவாதம்.

"நான் வந்துட்டா தம்பிக்கு யாரு தண்ணி வைக்கிறது?"

தம்பி என்பது ராமையா. தினேஸ்வரிக்கு அண்ணன். கிட்னி கெட்டுச் செத்துப்போனவன். தண்ணீர் அளவாகத்தான் கொடுக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. "ஒரு மடக்குக்கா, ஒரே மடக்கு" என்று கெஞ்சிக் கெஞ்சியே அவன் உயிர் போனது. கட்டிலுக்குக் கீழே செம்பை மறைத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மங்களம். பாவி மனசு ஆறுமா? அன்று முதல் பொழுது சாயும்போது பின்வாசல் படியில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பாள். வைத்தது வைத்தபடியே இருக்கும். கொஞ்ச நாளாகத்தான் விடிந்து பார்த்தால் செம்பு காலி.

"கொரங்கு குடிச்சிருக்கும் லா," என்றாள் தினேஸ்வரி.

"கொரங்கு குடிச்சிட்டு அலசிக் கவுத்து வச்சிட்டா போவும்?"

கடைசி மடக்குத் தண்ணீரில் செம்பை அலசிக் கவிழ்த்து வைப்பது ராமையாவின் பழக்கம். அந்த வீட்டில் வேறு யாரும் அப்படிச் செய்ததில்லை.

இருந்தாலும் விடுவாளா? அன்று செம்பின் மேல் தட்டை மூடி, தட்டின் மேல் செங்கல்லைத் தூக்கி வைத்தாள். காலையில் கல் ஓரமாக இருந்தது, தட்டு சுவரில் சாய்த்திருந்தது, செம்பு கவிழ்ந்திருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஊருக்குச் சொல்லுகிறவள்தான். அன்றைக்கு அவளே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இது அண்ணன் இல்ல. செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க. அண்ணன் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு ஏதோ வருது. இன்னிக்குத் தண்ணி கேக்கும், நாளைக்குச் சோறு கேக்கும், அப்புறம் உன்னையே கேக்கும். இதை நான் விரட்டாம போக மாட்டேன்."

"வேணாம்டி. தாகத்தோட வர்றவன்டி."

மங்களம் அழ அழ, தினேஸ்வரி தண்ணீரைக் கத்திரிச் செடிக்கு ஊற்றிவிட்டு, வெறும் செம்பைப் படியில் வைத்துக் கதவைத் தாழிட்டாள். இருட்டுகிற நேரத்தில் பின்னால் 'டங்' என்று சத்தம் கேட்டது. செம்பை யாரோ எடுத்துக் கீழே வைத்த சத்தம். தினேஸ்வரி ஜெபப் பாட்டை உரக்க எடுத்தாள்.

மறுநாளும் வெறும் செம்புதான். சத்தம் அன்றைக்கும் வந்தது, ஆனால் மெதுவாக, கை நடுங்குகிற மாதிரி விட்டு விட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு இரைத்தது. மங்களம் தாழ்ப்பாளைத் திறக்க ஓடினாள். தினேஸ்வரி கதவில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டு, தெரிந்த குணங்களை எல்லாம் சொல்லிக் கூவினாள். "எங்கும் இருக்கிறவரே! எல்லாம் காண்கிறவரே! இரக்கமுள்ளவரே!" கடைசிச் சொல்லோடு நிறுத்திவிட்டாள். ஏனென்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை. வெளியே ஏதோ இழுபடுகிற சத்தம் தூரமாகிப் போனது.

"ஜெயிச்சிட்டோம்க்கா," என்றாள். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. மங்களம் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

விடிந்ததும் மங்களம் போட்ட கூச்சலில் தினேஸ்வரி எழுந்து ஓடினாள். செம்பனைக்கு நடுவே ஓடும் கால்வாய் ஓரம் ஒரு பையன் குப்புறக் கிடந்தான். இருபது வயது இருந்தாலே அதிகம். எந்த நாட்டுக்காரனோ. ஒரு கால் வீங்கிப் புண்ணாகி, உடம்பு அனலாகக் கொதித்தது. வாயெல்லாம் கால்வாய்ச் சேறு. புல்லைக் கொல்ல மருந்தடித்தால் எல்லாம் அதில்தான் வந்து இறங்கும். தோட்டத்தில் பிறந்தவர்கள் மாட்டுக்குக்கூட அங்கே தண்ணீர் காட்ட மாட்டார்கள். கூரை இருந்த ஒரு காலி லயத்தில் அவன் விரித்துப் படுத்த சாக்கு கிடந்தது.

ஐயோ, கதவைத் தட்டியிருக்கக் கூடாதா அவன்? இந்த நாட்டில் வேலை செய்ய பர்மிட் இல்லாதவன் எந்தக் கதவைத் தட்டுவான்! தட்டினால் போலீஸ் வரும் என்று பயந்து, யாரோ ஒரு புண்ணியவதி வைத்த தண்ணீரைத் திருடன் மாதிரி வந்து குடித்துவிட்டு, நன்றிக்குச் செம்பை அலசிக் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் வீட்டிலும் அதுதான் பழக்கமோ என்னவோ.

இருவருமாகத் தூக்கிக் காரில் போட்டார்கள். மங்களம் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, செம்பில் விரலை நனைத்து நனைத்து உதட்டில் வைத்தாள். தெலுக் இந்தான் ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியும்போது அவன் ஒரு மடக்கு விழுங்கினான். அப்புறம் விழுங்கவில்லை.

போலீஸ் வந்து கேட்டது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. எங்கோ கூலிக்கு ஆள் பிடிக்கும் குத்தகைக்காரனிடமிருந்து ஓடிவந்தவனாக இருக்கலாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் மங்களம் வாய் திறந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"என் தம்பி ரெண்டாந்தடவையும் தண்ணி கேட்டுத்தான்டி செத்தான். மொத தடவ டாக்டரு சொன்னாருன்னு நான் குடுக்கல. இந்தத் தடவ?"

எங்கும் இருக்கிறவரை தினேஸ்வரி எல்லா இடத்திலும் வைத்திருந்தாள், அந்தப் பின்வாசல் படியைத் தவிர.

இனி அங்கே தண்ணீர் குடிக்க வர ஆள் இல்லை என்று மங்களம் மறுபேச்சில்லாமல் ஈப்போவுக்கு வந்தாள். செம்பை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். தினேஸ்வரி ஆசைப்பட்டது நடந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை குழு கூடியது. சாயங்கால வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தினேஸ்வரி எழுந்து நின்றாள். "இன்னிக்கு நாம பாக்கப்போறது, கர்த்தருடைய இரக்கம்..."

டங்.

சத்தம் சமையலறைக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் அக்காவைப் பார்த்தாள். மங்களம் தலை குனிந்தபடியே இருந்தாள், அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அறையில் இருந்த யாருக்கும் கேட்கவில்லை.

டங்.

தினேஸ்வரி ஜெபக்குழுவை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அலமாரியில் அக்கா வைத்திருந்த செம்பை எடுத்துக் குழாயில் நிறைத்தாள். வழிந்து தரையெல்லாம் தண்ணீர். பின்கதவுத் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தாள். பின்சந்தில் யாரும் இல்லை. செம்பைப் படியில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

பின்னால் வந்து நின்ற பெண்களில் ஒருத்தி கேட்டாள்: "சிஸ்டர், யாருக்கு இது?"

"தெரியல." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரு வந்தாலும் குடிக்கட்டும். கதவ மட்டும் சாத்தாதீங்க."