இரண்டு மாநிலம், ஒரு படிவம்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அமெரிக்காவில், டுலூத் நகர நூலகத்தில், சனிக்கிழமைகளில் நான் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் மேசையில். காதல் கதை எழுதுகிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்க வேறெங்கே விடுவார்கள்?

2
மார்லிஸின் கண்களில் உறைந்த ஏரியின் –

(அடித்துவிட்டேன். அவள் கண்ணில் இருந்தது தூக்கம். ஆஸ்பத்திரியில் நர்ஸ், வேலை முடிந்து நேரே வந்திருந்தாள்.)

மார்லிஸ் இங்கே மின்னசோட்டாவுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம். கணவன் வெண்டல் தெற்கு டகோட்டாவில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறான். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவன், போன ஏப்ரலோடு நின்றுவிட்டான்.

"போன வருஷம் மாதிரியே வரிக் கணக்க என் பேர்ல தனியா போட்டுடுங்க."

"ஏம்மா தனியா?"

"வேற வேற மாநிலம்னா தனித்தனியாத்தானே போடணும்?"

"யாரு சொன்னா? எங்க இருந்தாலும் புருஷன் பொண்டாட்டி மத்திய அரசுக்குச் சேர்ந்தே போடலாம்."

அவள் முகம் மாறியது. "தனியா போட்டுட்டேன்னு சொன்னப்ப, 'சரி, புரிஞ்சுது'ன்னான். அதுக்கப்புறம்தான் அவன் வரல."

3
(ஒரு படிவத்துக்காக ஒருவன் ஒரு வருடம் விலகி இருப்பானா? வெண்டலை நான் நம்பவில்லை. அவனுக்கு வேறொரு பெண்ணை எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அதற்குள் மார்லிஸ் அவனையே கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.)

"நீதான்டி பிரிச்சே."

"லூசு! எனக்குத் தெரியலடா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"'தனி'ன்னு டிக் அடிச்சவகிட்ட என்னத்தக் கேக்க?"

"வரிப் படிவத்துலயா பொண்டாட்டி மனசத் தேடுவே?"



"போன வருஷம் போனதுதானே, மார்லி?"

4
போகவில்லை. சேர்த்துப் போட்டவர்கள் கெடு தாண்டிய பிறகு பிரித்துக்கொள்ள முடியாது. தனித்தனியாகப் போட்டவர்கள் மூன்று வருடத்துக்குள் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். (சட்டத்தில் இருப்பதுதான். நான் எழுதியிருந்தால் நம்பமாட்டீர்கள்.)

"ஆனா சேர்த்தா மின்னசோட்டா வரி கூடினாலும் கூடும். கணக்குப் பார்த்துச் சொல்றேன்," என்றேன்.

"கூடட்டும். சேருங்க," என்றது போன்.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"தபால்ல அனுப்பட்டுமா?" என்றாள் மார்லிஸ்.

"வேணாம்."

வைத்துவிட்டான்.

5
முடிவு ஒன்று: அவன் –

இரண்டு: தபால்காரர் –

இரண்டையும் விட்டுவிட்டேன். இப்போது மணி பதினொன்று. அவன் ஊரிலிருந்து இங்கே ஆறு மணி நேரம். நூலகம் ஐந்துக்கு மூடும். வழியில் பனி இருக்கிறதா, அவன் லாரியை எடுத்தானா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மார்லிஸ் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காலி செய்து, அதில் வைத்திருந்த கோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.